ஒரே எடை, மூன்று கணக்கு

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே தலைவலிதான்: ஆப் எழுதும்போது, மாறிக்கொண்டே இருக்கும் ஒரே தகவலை (இதைத்தான் ஸ்டேட் என்பார்கள்) ஸ்க்ரீனில் நாலு காம்பொனென்ட்கள், அதாவது ஸ்க்ரீனின் தனித்தனித் துண்டுகள், பங்குபோட்டுக்கொள்ளும்போது அது எங்கே இருக்க வேண்டும், யார் மாற்ற வேண்டும் என்பது. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அண்ணா, ஒரு வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரிக்காக ரியாக்டில் (ஸ்க்ரீன் கட்டும் ஜாவாஸ்க்ரிப்ட் லைப்ரரி) ஆர்டர் ஆப் செய்கிறோம். மேலே ஹெட்டரில் மொத்த எடை, நடுவில் கொலுசு வரிசைகள், வலப்பக்கம் பில். வரிசையில் எடையைத் திருத்தினால் பில் மாறுகிறது, ஹெட்டர் மாறுவதில்லை. யூஸ் எஃபெக்ட் (ஒன்று மாறினால் இன்னொன்றைச் செய்யவைக்கும் வசதி) போட்டுச் சரிசெய்தேன், இப்போது வரிசையை நீக்கும்போது பிசகுகிறது. "தராசில் ஒண்ணு, ஸ்க்ரீன்ல ஒண்ணா?" என்று முதலாளி கேட்கிறார். ஸ்டேட்டை எல்லாம் ஒரே பொதுக் கிடங்கில் (ஸ்டோரில்) வைக்கும் ரிடக்ஸ் போட்டுவிடலாமா?
– செவ்வாய்ப்பேட்டை வாசகர்

தம்பி, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்த வேண்டாம். ரிடக்ஸ் போட்டாலும் இதே பிசகு ரிடக்ஸுக்குள் நடக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

நீங்கள் அனுப்பிய ப்ரோக்ராம் கோடைப் பார்த்தேன். வரிசைகள் ஒரு ஸ்டேட். ஹெட்டரின் மொத்த எடை இன்னொரு ஸ்டேட். பில்லின் மொத்த எடை மூன்றாவது. ஒரு ஆர்டரில் 420, 380, 250 கிராம் என்று மூன்று வரிசை இருப்பதாக வைத்துக்கொள்வோம், மொத்தம் 1050. வரிசை சேர்க்கும் பட்டனில் மூன்று ஸ்டேட்டையும் மாற்றுகிறீர்கள், அதனால் அங்கே எல்லாம் சரியாக வருகிறது. கடைசி வரிசையை 300 ஆகத் திருத்தும் இடத்தில் வரிசையையும் பில்லையும் மாற்றிவிட்டு ஹெட்டரை மறந்துவிட்டீர்கள். பில் 1100 சொல்கிறது, ஹெட்டர் 1050-லேயே நிற்கிறது. அதற்கு யூஸ் எஃபெக்ட் வைத்து ஒட்டுப்போட்டீர்கள், ஆனால் அது ரெண்டர் (ஸ்க்ரீனை வரையும் வேலை) முடிந்த பிறகு ஓடுவது, எனவே ஒரு கணம் பழைய எண்ணைக் காட்டிவிட்டுத்தான் புதியதற்கு வருகிறது. அதுவும் வரிசையின் எடையை மட்டும் கவனிக்கச் சொல்லியிருக்கிறீர்கள், வரிசையே காணாமல் போனால் அதற்குத் தெரியாது. நாளைக்கு "பழைய ஆர்டரை நகலெடு" என்று முதலாளி ஒரு பட்டன் கேட்பார், அங்கே நாலாவது ஓட்டை.

மொத்த எடை ஸ்டேட்டே கிடையாது. வரிசைகள் கையில் இருக்கும்போது அதைத் தனியாகச் சேமிப்பது வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற கதைதான். மூன்று எண்ணைக் கூட்டினால் வருவதை ஒவ்வொரு ரெண்டரிலும் கூட்டிக்கொள்ளுங்கள். ஐந்நூறு வரிசை இருந்தாலும் இன்றைய போனுக்கு அது ஒரு வேலையே இல்லை. கணக்கு உண்மையிலேயே கனமாக இருந்தால் மட்டும் யூஸ் மெமோ (போட்ட கணக்கின் விடையை நினைவில் வைத்துக்கொள்ளும் வசதி). கூலி, சேதாரம், ஜி.எஸ்.டி. எல்லாமே இப்படித்தான், ஒன்றைக்கூடச் சேமிக்காதீர்கள். (ஆர்டர் முடிந்து பில் நம்பர் போட்டபின் சர்வரில் சேமிக்கும் தொகை வேறு விஷயம், அது அன்றைய ரேட்டில் உறைந்த ஆவணம், அதைத் திரும்பக் கணக்குப்போடவே கூடாது.)

அடுத்தது, வரிசைகள் எங்கே இருக்க வேண்டும்? ஹெட்டர், பட்டியல், பில் மூன்றுக்கும் பொதுவான, மிக அருகில் உள்ள பெற்றோர் காம்பொனென்டில். அங்கிருந்து வரிசைகள் ப்ராப்ஸாக (பெற்றோர் உள்ளே இருக்கும் காம்பொனென்டுக்குக் கொடுக்கும் தகவலாக) கீழே போகும், "இந்த வரிசையின் எடையை மாற்று" என்கிற ஃபங்ஷனும் கூடவே போகும். மாற்றுகிற உரிமை ஒரே இடத்தில். உங்கள் முதலாளி பட்டறைக்கு வெள்ளி எடைபோட்டுக் கொடுக்கும்போது கணக்கு அவருடைய நோட்டில்தானே இருக்கிறது? பற்றவைப்பவர் ஒரு நோட்டு, பாலிஷ் போடுபவர் ஒரு நோட்டு என்று ஆளுக்கொன்று வைத்து, மாலையில் எல்லாரும் உட்கார்ந்து ஒத்துப்பார்க்க ஆரம்பித்தால் தொழில் நடக்குமா? உங்கள் யூஸ் எஃபெக்ட்கள் அந்த மாலைநேரப் பஞ்சாயத்துதான்.

வெட்கப்பட வேண்டாம், இதே வியாதி ஃபேஸ்புக்குக்கும் இருந்தது. புதிய மெசேஜ் வந்திருப்பதாக மேலே சிவப்பு எண் காட்டும், திறந்தால் ஒன்றும் இருக்காது. சரிசெய்வார்கள், சில நாளில் திரும்ப வரும். மேல்பட்டை, சாட் ஜன்னல், மெசேஜ் பக்கம் என்று ஒவ்வொன்றும் படிக்காத எண்ணிக்கையைத் தன் வழியில் பார்த்துக்கொண்டிருந்ததால் வந்த வினை. 2014-இல் ஃப்ளக்ஸ் என்கிற, தரவு ஒரே திசையில் மட்டும் ஓடும் முறையை அவர்கள் அறிமுகப்படுத்தியபோது இந்தக் கதையைத்தான் உதாரணமாகச் சொன்னார்கள். அதன் வாரிசாக 2015-இல் வந்ததுதான் ரிடக்ஸ். அதை எழுதியவர்களில் ஒருவரான டான் அப்ரமோவே அடுத்த வருடம், எல்லாரும் இதைப் போட வேண்டியதில்லை என்று விளக்கி எழுத வேண்டியதாயிற்று.

முதலில் ஹெட்டரிலும் பில்லிலும் இருக்கும் அந்த இரண்டு மொத்த எடை ஸ்டேட்டையும் அழியுங்கள். யூஸ் எஃபெக்ட் தானாக விழுந்துவிடும்.

வணக்கம் சார். ஏற்காட்டில் நாலைந்து ஹோம்ஸ்டேக்களுக்குச் சேர்த்து ஒரு புக்கிங் சைட் செய்கிறேன். வந்திருப்பவர் யார், எந்த மொழி என்பதை மேலிருந்து கீழே ஏழு காம்பொனென்ட் வழியாக ப்ராப்ஸாகக் கடத்துகிறேன். நடுவில் இருக்கும் ஐந்துக்கும் அது தேவையே இல்லை. மலைக்கு ஏறும்போது 20 கொண்டை ஊசி வளைவு, என் கோடுக்குள் இறங்கும்போது ஏழு. கான்டெக்ஸ்ட் (நடுவில் இருப்பவற்றைத் தாண்டி நேராகத் தகவல் கொடுக்கும் வழி) போட்டேன், இப்போது தேடல் பெட்டியில் ஒரு எழுத்து அடித்தால் பக்கம் முழுவதும் திக்குகிறது.
– ஏற்காடு வாசகி

வளைவுக் கணக்கு பிரமாதம்.

கான்டெக்ஸ்டுக்கு முன்பே ஒரு வழி இருக்கிறது, நிறையப் பேர் தாண்டிப் போய்விடுகிறார்கள். நடுவில் இருக்கும் லேஅவுட், கார்டு, பேனல் எல்லாம் வெறும் பெட்டிகள்தான் என்றால், பெட்டிக்குத் தகவலைக் கொடுத்து உள்ளே காம்பொனென்டைச் செய்யச் சொல்லாதீர்கள். காம்பொனென்டை மேலேயே செய்து, பெட்டிக்குள் சில்ட்ரனாக வைத்துவிடுங்கள். அறை விவரக் கார்டை மேல் பக்கத்திலேயே, மொழியையும் கொடுத்து உருவாக்கி, லேஅவுட்டுக்கு "இந்தா, இதை நடுவில் வை" என்று நீட்டினால் போதும். லேஅவுட்டுக்கு மொழி என்ற ஒன்று இருப்பதே தெரிய வேண்டியதில்லை. ஏழு வளைவு பெரும்பாலும் இரண்டாகிவிடும்.

மிச்சத்துக்குக் கான்டெக்ஸ்ட் சரியான ஆள்தான். இப்போதைய வடிவில் அது 2018 மார்ச்சில் ரியாக்ட் 16.3-இல் வந்தது. லாகின் செய்தவர், மொழி, தீம் மாதிரி எப்போதாவது மாறும் விஷயங்களுக்குப் பொருத்தம். நீங்கள் என்ன செய்திருக்கிறீர்கள்? பயனர், மொழி, தேடல் சொல், தேதி, வடிகட்டிகள் அத்தனையையும் ஒரே ஆப்ஜெக்டில் போட்டு ஒரே கான்டெக்ஸ்டில் இறக்கிவிட்டீர்கள். கான்டெக்ஸ்டின் மதிப்பு மாறினால் அதைப் படிக்கும் எல்லாக் காம்பொனென்டும் மறுபடி ரெண்டர் ஆகும். அதில் மொழியை மட்டும் எடுத்துக்கொண்ட ஃபுட்டரும் தப்ப முடியாது. மெமோ (ப்ராப்ஸ் மாறாவிட்டால் ரெண்டரைத் தவிர்க்கும் உறை) போட்டு மூடி வைத்தாலும் இதைத் தடுக்காது. தேடல் பெட்டியில் "லேக் வியூ" என்று அடித்தால் ஒவ்வொரு எழுத்துக்கும் எல்லா அறைக் கார்டும் எழுந்து உட்கார்கிறது.

தேடல் பெட்டியில் அடித்துக்கொண்டிருக்கும் சொல்லைப் பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள், என்டர் தட்டும்போது மட்டும் வெளியே சொல்லட்டும். மெனு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதெல்லாம் அந்த மெனுவின் சொந்த சமாச்சாரம், ஊருக்குச் சொல்ல வேண்டாம். அப்புறம் பயனருக்கு ஒரு கான்டெக்ஸ்ட், மொழிக்கு ஒன்று என்று பிரியுங்கள். கான்டெக்ஸ்டின் மதிப்பைக் கீழே கொடுக்கும் ப்ரொவைடருக்கு ஒவ்வொரு ரெண்டரிலும் புதிதாகச் சுருள் அடைப்புக்குறி போட்டு ஆப்ஜெக்ட் கொடுக்காதீர்கள், உள்ளே இருப்பது மாறாவிட்டாலும் ரியாக்டுக்கு அது புது ஆப்ஜெக்ட்தான். யூஸ் மெமோவில் கட்டிக் கொடுங்கள்.

தேதியும் வடிகட்டிகளும் இவை எதிலுமே வர வேண்டாம், யூ.ஆர்.எல்.-இல் போடுங்கள். "சனி, ஞாயிறு, இரண்டு அறை, ஏரிக்குப் பக்கத்தில்" என்று தேடி வைத்து ஒருவர் வீட்டம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்புவார். அவர் திறந்தால் வெறும் முகப்புப் பக்கம் வந்தால் உங்களுக்கு ஒரு புக்கிங் போச்சு. யூ.ஆர்.எல்.-இல் இருந்தால் ரெஃப்ரெஷ், பேக் பட்டன் எல்லாம் தானாகவே ஒழுங்காக வேலை செய்யும். மலையில் சிக்னல் போய்ப் போய் வருகிற இடத்தில் ஆட்கள் எத்தனை தடவை ரெஃப்ரெஷ் செய்வார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கார்ட்டில் இருக்கும் அரேயில் (பட்டியலில்) ஒரு பொருளைப் புஷ் செய்துவிட்டு, அதே அரேயை செட் செய்கிறேன். கன்சோலில் பொருள் இருக்கிறது, ஸ்க்ரீனில் இல்லை.
– அம்மாபேட்டை வாசகர்

பழைய பையிலேயே காய் போட்டுவிட்டு "புதுப் பை வாங்கிவிட்டேன்" என்கிறீர்கள். ரியாக்ட் பைக்குள் எட்டிப்பார்ப்பதில்லை, அதே பையா வேறு பையா என்று மட்டும்தான் பார்க்கும். பழையதைப் பரப்பி, புதுப் பொருளையும் சேர்த்து, புது அரே செய்து கொடுங்கள். ரிடக்ஸ் டூல்கிட்டின் (ரிடக்ஸை எழுதச் சுலபமாக்கும் தொகுப்பு) ஸ்லைஸுக்குள், அதாவது ஸ்டோரின் ஒரு பகுதிக்குள், மட்டும் நேராகப் புஷ் எழுதலாம், அங்கே இம்மர் என்கிற லைப்ரரி உங்களுக்காகப் புதுப் பிரதியைச் செய்துகொடுக்கிறது.

ஐயா, நான் தட்டுவடை செட் கடை வைத்திருக்கிறேன். மகன் ஐ.டி.யில் சேர்ந்ததிலிருந்து வீட்டில் "ஸ்டேட், ஸ்டேட்" என்று போனில் பேசிக்கொண்டே இருக்கிறான். அது என்னதான்?
– குகை வாசகர்

உங்களுக்குத் தெரிந்ததுதான் ஐயா. சாயங்காலம் ஆறரை மணிக்குக் கடை முன்னால் பதினைந்து பேர் நிற்கிறார்கள். யார் எத்தனை செட் சொன்னார், யாருக்கு வெங்காயம் வேண்டாம், யாருக்குப் பூண்டுச் சட்னி தூக்கலாக, யார் காசு கொடுத்துவிட்டார் என்பதெல்லாம் உங்கள் தலைக்குள் இருக்கிறது பாருங்கள், நிமிடத்துக்கு நிமிடம் மாறிக்கொண்டே, அதுதான் ஸ்டேட். நீங்கள் ஒருவரே இருக்கும்வரை பிரச்சினையில்லை. கேரட், பீட்ரூட் துருவலை அடுக்க ஒரு பையன், காசு வாங்க வீட்டில் ஒருவர் என்று வந்ததும், உங்கள் தலையில் இருப்பது அவர்களுக்கும் தெரிய வேண்டும். நீங்கள் ஒவ்வொரு தடவையும் கத்தினால் அது ஒரு முறை, சுவரில் சிலேட்டு மாட்டினால் அது ஒரு முறை. சிலேட்டில் மூன்று பேரும் அவரவர் இஷ்டத்துக்கு அழித்து எழுதினால் என்ன நடக்குமோ அதைச் சரிசெய்யத்தான் உங்கள் மகனுக்குச் சம்பளம்.

சார், நான் ஒரு மொத்த வியாபார ஆப்புக்கு வேலை செய்கிறேன். சர்வரிலிருந்து வரும் ஸ்டாக் பட்டியலை முழுவதும் ரிடக்ஸில் போட்டு வைத்திருக்கிறேன். லோடிங், எரர், டேட்டா என்று ஒவ்வொன்றுக்கும் மூன்று மூன்று ஆக்‌ஷன். ஆனாலும் பழைய ஸ்டாக்தான் காட்டுகிறது என்று புகார் வருகிறது.
– அஸ்தம்பட்டி வாசகர்

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு டிராவல்ஸுக்கு சீட் புக்கிங் செய்துகொடுத்தேன், பெயர் வேண்டாம். காலையில் லாகின் செய்யும்போது சீட் விவரத்தை வாங்கி ஸ்டோரில் வைத்துவிடுவேன், கௌன்டரில் ஸ்க்ரீன் பறக்கும், எனக்கே பெருமை. தீபாவளிக்கு முந்தின வாரம் இரண்டு கௌன்டரிலும் ஒரே ஜன்னல் சீட்டை இரண்டு பேருக்கு விற்றுவிட்டார்கள். ஒரு பெரியவரும் ஒரு கல்லூரிப் பையனும் ஒரே நம்பர் டிக்கெட்டோடு வண்டிக்குள் நின்றார்கள், நடத்துநர் என் நம்பருக்கு போன் போட்டார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

அன்றைக்குப் புரிந்தது, என் ஸ்டோரில் இருந்தது சீட் நிலவரம் இல்லை, காலை எட்டு மணி சீட் நிலவரத்தின் ஒரு போட்டோ. சேலம் லீ பஜாரில் காலையில் கேட்ட ரேட்டை வைத்து மாலையில் பேரம் பேசினால் சிரிப்பார்கள் இல்லையா, அதேதான். மெனு திறந்திருப்பது உங்கள் ஸ்டேட், அதற்கு நீங்கள்தான் எஜமான். ஸ்டாக்குக்கு எஜமான் சர்வர், உங்களிடம் இருப்பது கேஷ் (தற்காலிக நகல்) மட்டும். இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டதுதான் சிக்கல்.

கேஷுக்கென்றே கருவிகள் இருக்கின்றன. டான்ஸ்டாக் குவெரி (முன்பு ரியாக்ட் குவெரி என்று பெயர்), எஸ்.டபிள்யூ.ஆர்., ரிடக்ஸை விட மனமில்லை என்றால் ஆர்.டி.கே. குவெரி. டான்ஸ்டாக் குவெரி, நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால், வந்த தரவை வந்த உடனேயே பழையது என்றுதான் கருதும். வேறு டேபுக்குப் போய்த் திரும்பினால், நெட் அறுந்து மீண்டும் வந்தால், பின்னணியில் புதிதாக வாங்கிக்கொள்ளும், அதுவரை பழையதைக் காட்டும். நாலு காம்பொனென்ட் ஒரே கீயில் (அந்தத் தரவுக்கு வைத்த அடையாளப் பெயரில்) கேட்டாலும் சர்வருக்குப் போவது ஒரே கோரிக்கை. ஸ்டாக்கைத் திருத்தி முடித்ததும் அந்தக் கீயை இன்வாலிடேட் செய்தால் (இது பழையதாகிவிட்டது என்று சொன்னால்) போதும். உங்கள் மூன்று மூன்று ஆக்‌ஷனும் காலி. இப்படி எடுத்துவிட்டுப் பார்த்தால் பல ஆப்களில் ரிடக்ஸுக்குள் மிஞ்சுவது தீம், சைட்பார், இன்னும் ஒன்றிரண்டு, அவ்வளவுதான்.

வந்த தரவை வாங்கி மறுபடியும் யூஸ் ஸ்டேட்டில் நகலெடுத்து வைக்காதீர்கள். இந்த லைப்ரரியைப் போட்டுவிட்டு அதையும் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் ஸ்க்ரீன் எவ்வளவு புதிதாக இருந்தாலும் கடைசி வார்த்தை சர்வருடையது. இரண்டு பேர் ஒரே நொடியில் தட்டினால் ஒருவரை மறுக்க வேண்டியது டேட்டாபேஸ். என் டிராவல்ஸ் கதையில் அதுவும் இல்லை, அந்தப் பாவத்தில் பேக் எண்ட் எழுதியவருக்கும் பங்கு உண்டு. அவரும் நான்தான்.

ரிடக்ஸ், ஜூஸ்டாண்ட், ஜோட்டாய், ரீகாயில், பினியா, சிக்னல்ஸ்... ஸ்டேட்டுக்கு இத்தனை கருவிகள் இருக்கின்றன, எதைக் கற்பது?
– ஃபேர்லேண்ட்ஸ், சிவதாபுரம், இன்னும் பலர்

ஜூஸ்டாண்ட் என்றால் ஜெர்மனில் ஸ்டேட், ஜோட்டாய் என்றால் ஜப்பானியில் ஸ்டேட், பெயர் வைக்கும்போதே எல்லாருக்கும் சரக்கு தீர்ந்துவிட்டது போல. ரீகாயிலை எடுத்துவிடுங்கள், அதன் கோட் கிடங்கையே 2025 ஜனவரியில் மூடி ஆவணமாக்கிவிட்டார்கள். ரியாக்டுக்குப் பதில் வ்யூவில் எழுதுகிறவராக இருந்தால் யோசிக்க வேண்டாம், பினியா. ஆங்குலரில் இருந்தால் 2023-இல் 16-ஆம் பதிப்பிலிருந்து சிக்னல்ஸ் கூடவே வருகிறது, சின்ன ஆப்புக்கு ஒரு சர்வீஸுக்குள் சிக்னல் வைத்தாலே ஓடும்.

ரியாக்டில் என் கை தானாகப் போவது ஜூஸ்டாண்டுக்கு. ப்ரொவைடர் வேண்டாம், ஸ்டோரில் தனக்கு வேண்டிய துண்டை மட்டும் செலக்டர் வைத்து எடுத்துக்கொள்ளலாம், அந்தத் துண்டு மாறினால்தான் ரெண்டர். ஒரே ஒரு எச்சரிக்கை: செலக்டருக்குள் ஒவ்வொரு தடவையும் புது அரே செய்து திருப்பினால் 5-ஆம் பதிப்பில் முடிவில்லாமல் ரெண்டர் ஆகி எரர் அடிக்கும், யூஸ் ஷாலோ போடுங்கள். பத்துப் பதினைந்து பேர் ஒரே கோடில் கை வைக்கும் இடம், எந்த மாற்றம் எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கித் தேட வேண்டிய இடம் என்றால் ரிடக்ஸ் டூல்கிட்தான், அங்கே அதன் கறார்த்தனம் உதவும். வேலைக்கு இன்டர்வியூ போகிறவர்களும் அதைப் படித்துவிட்டுப் போங்கள், கேட்பார்கள்.

ஒரே சைட்டை இரண்டு டேபில் திறந்தால் ஒன்றில் கார்ட்டில் மூன்று பொருள், இன்னொன்றில் ஐந்து. பிரவுசரின் சேமிப்பான லோக்கல் ஸ்டோரேஜில்தான் வைத்திருக்கிறேன்.
– சிவதாபுரம் வாசகர்

ஒவ்வொரு டேபுக்கும் மெமரி தனி. லோக்கல் ஸ்டோரேஜ் இரண்டுக்கும் பொது, ஆனால் அதில் எழுதினால் மற்ற டேபின் ஸ்க்ரீன் தானாக மாறாது. ஸ்டோரேஜ் என்று ஒரு ஈவென்ட் இருக்கிறது, அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். எழுதிய டேபுக்கே அந்த ஈவென்ட் வராது, மற்ற டேபுகளுக்குத்தான் வரும், இதில் ஒரு நாள் தொலைத்தவர்கள் பலர். லாகவுட்டுக்கும் இதைச் செய்யுங்கள், ஒரு டேபில் வெளியேறியவர் இன்னொன்றில் உள்ளே இருப்பதாகக் காட்டக்கூடாது.

அவசரம் சார். நெக்ஸ்ட் ஜே.எஸ்.-இல் (ரியாக்ட் பக்கங்களைச் சர்வரிலேயே தயாரிக்கும் கருவி) செய்த சைட். நேற்று ஒரு வாடிக்கையாளர் லாகின் செய்ததும் ஒரு கணம் மேலே வேறொருவர் பெயர் வந்து மறைந்ததாகச் சொல்கிறார். ஸ்டோரைத் தனி ஃபைலில் ஒரே ஒரு முறை உருவாக்கி எல்லா இடத்திலும் இம்போர்ட் செய்கிறேன்.
– சூரமங்கலம் வாசகர்

காரணத்தை நீங்களே கடைசி வரியில் எழுதிவிட்டீர்கள். பிரவுசரில் அந்த ஃபைல் ஒரு ஆளுடைய ஒரு டேபுக்குள் மட்டும் வாழ்கிறது, அங்கே அது சரி. சர்வரிலோ ஒரே நோட் ஜே.எஸ். ப்ராசஸ்தான் (ஓடிக்கொண்டே இருக்கும் ப்ரோக்ராம்) வருகிற அத்தனை பேருக்கும் பக்கம் தயாரிக்கிறது, அந்த ஃபைல் அங்கே ஒரு முறைதான் ஏறும். முதல் ஆள் பெயரை அதில் எழுதிவிட்டுப் போகிறார், அடுத்த ஆளுக்குப் பக்கம் செய்யும்போது அந்தப் பெயர் அங்கேயே கிடக்கிறது. லாட்ஜில் அறையைக் கூட்டாமல் அடுத்தவருக்குச் சாவி கொடுத்த மாதிரி. பிறகு பிரவுசர் சரியான பெயரைப் போடுவதால் "ஒரு கணம் வந்து மறைந்தது". ஆனால் அனுப்பிய எச்.டி.எம்.எல்.-இல் அடுத்தவர் தகவல் போய்விட்டது, அது மறையாது.

ஸ்டோரை உருவாக்கும் வரியை ஒரு ஃபங்ஷனுக்குள் போடுங்கள். ஒரு க்ளையன்ட் காம்பொனென்டை ப்ரொவைடராக வைத்து, அதற்குள் யூஸ் ஸ்டேட்டின் தொடக்க மதிப்பாக அந்த ஃபங்ஷனைக் கொடுத்து, கான்டெக்ஸ்ட் வழியாகக் கீழே இறக்குங்கள். ஒவ்வொரு கோரிக்கைக்கும் புது ஸ்டோர் வரும். ரிடக்ஸ், ஜூஸ்டாண்ட் இரண்டின் ஆவணங்களும் நெக்ஸ்டுக்கு இதே வழியைத்தான் சொல்கின்றன. டான்ஸ்டாக் குவெரியின் கேஷை வைத்திருக்கும் குவெரி க்ளையன்டுக்கும் இதே கதி, அதையும் சர்வரில் எல்லாருக்கும் பொதுவாக வைக்காதீர்கள். லாகின் செய்தவர் பெயர் வருகிற பக்கத்தை சி.டி.என். (பக்கங்களின் நகலை வைத்து விநியோகிக்கும் இடைச் சர்வர்கள்) கேஷ் செய்கிறதா என்பதையும் கையோடு பார்த்துவிடுங்கள், அறிகுறி இரண்டுக்கும் ஒன்றுதான்.

சோதிப்பது சுலபம்: இரண்டு பிரவுசர், இரண்டு கணக்கு, ஜாவாஸ்க்ரிப்டை அணைத்துவிட்டு மாறி மாறி ரெஃப்ரெஷ். சர்வர் அனுப்புவது அப்படியே கண்ணுக்குத் தெரியும். சரியாகும் வரை சர்வரில் பெயர் காட்டும் பகுதியை எடுத்துவிட்டு சைட்டை ஓட்டுங்கள், அந்த வாடிக்கையாளருக்கும் போன் போட்டு நடந்ததைச் சொல்லிவிடுங்கள்.